பெரியவருக்குப் பேரே இல்லையா?

"சின்னவருக்குக் காலாந்தகக் கண்டர்னு பேர் வச்சாரு கல்கி. பெரியவருக்குப் பேரே இல்லையாடா?"

கேட்டவர் அத்தை. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் மூன்று முறை முடித்து, நான்காவது முறையாகப் பாதியில் இருப்பவர். கேள்வி பெரிய பழுவேட்டரையரைப் பற்றியது. பதில் சொல்ல வாயெடுத்தேன். எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தஞ்சைக் கோட்டைத் தளபதியான தம்பிக்குப் பெயர் உண்டு. தனாதிகாரியான அண்ணன், உடம்பில் 64 விழுப்புண்களோடு கதைக்குள் நுழைவதிலிருந்து கடைசி பாகத்தில் சாகிறவரை 'பெரிய பழுவேட்டரையர்' மட்டும்தான்.

அத்தைக்குப் பதில் தேடப் போய், நான் முதலில் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது என் மனதிலிருந்த ஒரு பிழையை. பழுவேட்டரையர் என்பதை ஓர் ஆளின் பெயராகவே நான் பழகியிருந்தேன். "பழுவேட்டரையர் நிஜமாகவே இருந்தாரா?" என்று கேட்பவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சேதுபதி இருந்தாரா என்று கேட்டால், எந்தச் சேதுபதி என்று திருப்பிக் கேட்போம் இல்லையா? இதுவும் அப்படித்தான். முதலாம் ஆதித்த சோழன் காலத்திலிருந்து ராஜேந்திரன் காலம் வரை, ஏறக்குறைய 140 ஆண்டுகள், தகப்பன் பிள்ளை பேரன் என்று ஒரு குடும்பம் முழுக்க இந்தப் பட்டத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் கல்வெட்டுகளில் நிற்கிறது. சோழர்களுக்கு அடங்கி, தம் ஊரில் ஓங்கி, மகளைச் சோழனுக்குக் கட்டிக்கொடுத்து, சண்டை வந்தால் படையோடு போன ஒரு குறுநில வீடு.

தமிழ்க் கூட்டுச்சொல்லைப் பின்னாலிருந்து உரிப்பதுதான் வசதி. முதலில் 'அரையர்'.

அரசன் என்பதற்குப் பழந்தமிழில் அரைசன் என்றும் ஒரு வடிவம் உண்டு. அரையன் அதற்கு அடுத்த வீட்டுக்காரன். உயிரை உசிர் என்கிற, பசலையைப் பயலை என்கிற நாவுக்கு சகரமும் யகரமும் இடம் மாறுவது புதிதில்லை. வடமொழி ராஜன் பிராகிருதத்தில் ராய ஆகி, அங்கிருந்து இங்கே வந்தது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. அரசு தமிழ் வேர்தான் என்று பாவாணர் வழியில் வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கை இங்கே தீர்க்க நான் வரவில்லை. நமக்கு வேண்டியது, 9, 10ஆம் நூற்றாண்டுகளில் அந்தச் சொல்லுக்கு என்ன எடை இருந்தது என்பதுதான். முடிவேந்தனுக்கு ஒரு படி கீழே இருந்தவனுக்கு அது உரிய சொல்லாக இருந்தது. முத்தரையர், சம்புவரையர், விழுப்பரையர், பல்லவரையர் எல்லாம் அந்தப் படியில் உட்கார்ந்திருப்பவர்கள். அரண்மனையில் உயர்ந்த பிராமண அதிகாரிக்குப் பிரமராயர். ராஜராஜனின் சேனாபதி கிருஷ்ணன் ராமன் அப்படிப்பட்ட ஒருவர்.

பிறகு அந்தச் சொல் போன இடங்கள் வேடிக்கையானவை. விஜயநகரத்தில் ராயர் பேரரசரே ஆனார். ஸ்ரீரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் குல்லாய் வைத்துக்கொண்டு, தாளம் தட்டி, திவ்வியப் பிரபந்தத்தை அபிநயத்தோடு பாடுகிறவர் அரையர். கேரளக் கடற்கரைக்குப் போனால் அது ஒரு மீனவச் சமூகத்தின் பெயர். ஒரே சொல், ஒருவருக்கு அரியணை, ஒருவருக்குக் கோயில் தாளம், ஒருவருக்குக் கட்டுமரம்.

நடுவில் இருக்கும் 'வேட்டு' தான் தொல்லை பிடித்தது. திருவிழாவில் போடும் அதிர்வேட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடலாம். மற்றபடி இரண்டு வழிகள் தெரிகின்றன. வேள் + தரையர் என்று பிரித்தால், தோள் + துணை தோட்டுணை ஆவது போல வேட்டரையர் ஆகலாம். முத்தரையரை 'மூன்று தரைக்கு உரியவர்' என்று விளக்குகிறவர்களுக்கு இது பிடிக்கும். இரண்டாவது வழி, வேடு + அரையர். நாடு + அரசன் நாட்டரசன், காடு + அரண் காட்டரண். அதே கணக்கில் வேடு + அரையர், வேட்டரையர். முன்பே உரித்து வைத்த 'அரையர்' குலையாமல் சேரும் வழி இதுதான் என்பதால் என் ஓட்டு இதற்கு. வேட்டுவக் குடிகளின் தலைவன் என்று பொருள் வரும். ஆனால் இலக்கணம் பொருந்துகிறது என்பதாலேயே இந்த வீட்டின் முப்பாட்டன் வில்லோடு காட்டில் திரிந்தான் என்று எழுதிவிடக் கூடாது. பட்டம் ஆளை விட மூத்ததாக இருக்கலாம். முந்தைய தலைவர்களின் பட்டத்தைப் பிந்தி வந்தவர்கள் நாற்காலியோடு சேர்த்து எடுத்துக்கொள்வது இன்றைக்கும் நடப்பதுதான்.

இனி 'பழு'. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

அரியலூர் மாவட்டத்தில், சிமெண்ட் லாரிகள் ஓயாமல் ஓடும் பாதையில் இருக்கிறது கீழப்பழுவூர். பேருந்தில் அப்படிச் சொல்லிச் சீட்டு வாங்கினால் ஒரு கணம் நம்மை வெளியூராள் என்று பார்ப்பார்கள். ஊர் வாயில் அது கீழப்பழூர். பக்கத்தில் மேலப்பழுவூர், அதாவது மேலப்பழூர். அதை ஒட்டிக் கீழையூர். சோழர் காலத்தில் இவை குன்றக்கூற்றம் என்ற பிரிவில் இருந்தன. அன்று கீழப்பழுவூருக்குச் சிறுபழுவூர் என்றும், மேலப்பழுவூருக்கு மன்னுபெரும்பழுவூர் என்றும், கீழையூருக்கு அவனிகந்தர்ப்பபுரம் என்றும் பெயர். ஆயிரம் ஆண்டில் 'மன்னுபெரும்' போய் 'மேல' வந்துவிட்டது. மிச்சம் நிற்பது பழு.

அகராதியைத் திறந்தால் பழுவுக்குப் பல பொருள் கிடைக்கும். விலா எலும்புக்குப் பழுவெலும்பு என்று பெயர். ஏணியின் குறுக்குச் சட்டத்துக்கும் பழு என்ற பெயர் உண்டு. விலாவும் ஏணிப்படியும் ஒன்று போலவே அடுக்கடுக்காக இருப்பதைப் பார்த்துதான் இரண்டுக்கும் ஒரே சொல் வைத்திருப்பார்கள். இவற்றோடு இன்னொரு பொருள்: ஆலமரம்.

ஊர்ப் பெயருக்கு இவற்றில் எது என்று நாம் ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. கோயிலில் இருக்கும் சாமியே சொல்லிவிடுகிறார். கீழப்பழுவூர்ச் சிவனுக்குத் தேவாரக் காலத்துப் பெயர் ஆலந்துறையார். ஆல் நிற்கும் துறையில் இருப்பவர். அதே சிவனுக்கு வடமொழிப் பெயர் வடமூலநாதர். இந்த 'வட', வடக்கும் இல்லை, தேர்வடமும் இல்லை. வடமொழியில் வடம் என்றால் ஆலமரம், மூலம் அதன் அடி. ஆலமரத்தடி நாதர். ஆக ஊருக்குப் பழு, சாமிக்குத் தமிழில் ஆல், வடமொழியில் வடம். ஒரே மரத்துக்கு மூன்று பெயர், மூன்றும் ஒரே இடத்தில். சொல்லாராய்ச்சி செய்கிறவனுக்கு இப்படி ஒரு சாட்சி அமைவது லாட்டரி விழுந்த மாதிரி. தலமரம் என்னவென்று கேட்க வேண்டுமா?

ஆலுக்கு ஏன் பழு என்று பெயர் வந்தது? இது என் ஊகம்தான். ஆல், அத்தி போன்ற மரங்களில் பூ கண்ணுக்குத் தெரியாது, பழம்தான் தெரியும். பூக்காமல் காய்ப்பது என்பதால் இந்த வகை மரங்களுக்குக் கோளி என்று ஒரு பொதுப்பெயரே பழைய தமிழில் உண்டு. பூத்ததை யாரும் பார்க்காத, ஆனால் பழுத்துக் கொட்டும் மரத்தைப் 'பழு' என்று கூப்பிட்டதில் ஆச்சரியம் இல்லை. சங்கப் புலவர்கள் வள்ளலைப் பாடும்போது பழுமரத்தைத் தேடிப் போகும் பறவைகளை உவமை சொல்வார்கள். பழுத்த மரம் எதுவும் பழுமரம்தான் என்றாலும், ஆல் பழுத்த நாளில் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அந்த உவமை எந்த மரத்தில் பிறந்திருக்கும் என்று சந்தேகம் வராது. பறவைச் சத்தத்தில் காது அடைத்துவிடும்.

காவிரி நாட்டில் ஆலந்துறைகள் இன்னும் உண்டு. புள்ளமங்கையில் ஒன்று, அன்பிலில் ஒன்று. அன்பிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

ஆக, பழுவேட்டரையர் என்றால் ஆலமரத்து ஊரின் வேட்டுவத் தலைவர். கல்வெட்டில் இதற்கும் முன்னால் இன்னொரு சொல் வரும்: 'அடிகள் பழுவேட்டரையர்'. அடிகள் என்றால் இன்று நமக்குத் துறவி நினைவுக்கு வருகிறார். அன்று அது பெரியவர்களைக் குறிக்கும் மரியாதைச் சொல். ஆளை நேரே பார்க்காமல் காலைப் பார்த்துப் பேசும் மரியாதை. சோழ மன்னனையே பெருமானடிகள் என்பார்கள். இந்தப் பட்டங்கள் எல்லாவற்றையும் தாண்டிப் போனால்தான், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற மாதிரி, ஆளின் சொந்தப் பெயருக்கு வந்து சேர முடியும்.

சொந்தப் பெயர்களைக் கேளுங்கள். குமரன் கண்டன், குமரன் மறவன், கண்டன் அமுதன், மறவன் கண்டன், கண்டன் சத்ருபயங்கரன், கண்டன் சுந்தரசோழன், கண்டன் மறவன். முதலில் படிக்கும்போது ஒரே ஆளைக் கல்வெட்டுக்காரன் மாற்றி மாற்றி வெட்டிவிட்டானோ என்று தோன்றும். மறவன் கண்டனா, கண்டன் மறவனா? நம் ரேஷன் அட்டையை எடுத்துப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். முன்னால் இருப்பது தகப்பன் பெயர், பின்னால் இருப்பது தன் பெயர். இன்றைய வழக்கப்படி இவர்கள் ம. கண்டன், க. மறவன். தலைப்பெழுத்து நமக்குப் பள்ளிக்கூடம் கொடுத்த பழக்கம் இல்லை. பழுவூர்க் கல்லில் அது முழுச் சொல்லாகவே இருக்கிறது.

இப்போது தலைமுறை தானாக வரிசைக்கு வருகிறது. ஆதித்தன் காலத்தில் வரும் குமரன் கண்டனும் குமரன் மறவனும் ஒரு குமரனின் பிள்ளைகள், அண்ணன் தம்பிகளாக இருந்திருக்கலாம். கண்டன் அமுதன், கண்டனின் மகன். அவன் முதலாம் பராந்தகன் காலத்தவன். சுந்தர சோழன், உத்தம சோழன் காலங்களில் மறவன் கண்டன். அவனுக்குப் பிறகு 'கண்டன்' என்ற முன்பெயரோடு மூன்று பேர். அவர்களில் கண்டன் மறவன் ராஜராஜன் ஆட்சியில் மன்னுபெரும்பழுவூரில் திருத்தோற்றமுடையாருக்குக் கோயில் எடுத்தவன்.

இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. குமரன் மறவனுக்கும் மறவன் கண்டனுக்கும் நடுவில் இடைவெளி அதிகம். அந்த மறவனே இந்த மறவன் என்றால், தகப்பனும் பிள்ளையும் நம்ப முடியாத வயது வரை இருந்திருக்க வேண்டும். நடுவில் பெயர் தெரியாத ஒருவரோ இருவரோ இருந்திருப்பார்கள் என்பது என் கணக்கு. அந்தக் காணாமல் போனவர்களுக்கும் கண்டன், மறவன் என்றுதான் பெயர் இருந்திருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். ஏனென்றால் தமிழில் ஒரு சொல் எனக்குத் துணை நிற்கிறது: பேரன்.

பேரன் என்றால் மகனின் மகன், மகளின் மகன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சொல்லுக்குள் உறவே இல்லை. அது பெயரன். பெயரை உடையவன். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். பெயர் பேர் ஆனது போலப் பெயரன் பேரன் ஆனான். சங்கப் பாட்டிலும் இந்தச் சொல் வருகிறது, குடும்பப் பெயர் அடுத்த தலைமுறைக்கு இறங்கும் பொருளிலேயே. சோழர் வீட்டையே பாருங்கள். பராந்தகன், அவன் மகன் அரிஞ்சயன், அவன் மகன் மறுபடியும் பராந்தகன். சுந்தர சோழன் என்று நாம் சொல்வது அந்த இரண்டாம் பராந்தகனைத்தான். பழுவூரிலும் அதே ஊஞ்சல்தான். கண்டன் பிள்ளைக்கு மறவன், மறவன் பிள்ளைக்குக் கண்டன். பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்து போகிறது.

கண்டன் என்ற பெயரைப் பார்த்ததும் நீலகண்டன் நினைவு வரும். அந்தக் கண்டம் கழுத்து. இந்தக் கண்டன் வேறு. கன்னடத்தில் கண்ட என்றால் ஆண்மகன், கணவன், வீரன். தெலுங்கிலும் வீரனுக்கு அந்தச் சொல் உண்டு. மூவராய கண்டன் என்று விஜயநகர அரசர்கள் போட்டுக்கொண்ட விருது, மூன்று ராயர்களுக்கும் மேலான வீரன் என்பதுதான். கண்டராதித்த சோழனின் பெயரில் இருக்கும் கண்டரும் இதே சொல்தான். மறவனும் அதே பொருள், தமிழ் வேர்: மறம் உடையவன். இந்தப் பெயரைப் பிற்காலச் சாதிப் பெயரோடு முடிச்சுப் போட்டு இந்த வீட்டுக்குச் சொந்தம் கொண்டாடுகிறவர்கள் உண்டு. ஒருவனுக்கு மறவன் என்றும் அவன் மகனுக்குக் கண்டன் என்றும் பெயர் வைத்த வீட்டில் அது பெயர்தான், குலம் இல்லை.

'கண்டன் சுந்தரசோழன்' என்ற பெயரை நான் சற்று நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டன் பெயர் வைக்கும் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் ஆளும் மன்னன் பெயர். விசுவாசமா, உறவா, சமயோசிதமா? தலைவர் கையால் பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சொல்லி மேடையில் நீட்டும் வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பழுவூரைக் கைகாட்டலாம் போலிருக்கிறது.

இந்தப் பெயர்களில் ரத்தமும் சதையுமாக ஒரு நாளாவது நம் கண்ணில் படுகிறவன் கண்டன் அமுதன். பராந்தகன் மதுரையைப் பிடித்ததும் பாண்டியன் ராஜசிம்மன் இலங்கையிடம் உதவி கேட்டான். ஐந்தாம் காசியபன் படை அனுப்பினான். பாண்டியப் படையும் ஈழப் படையும் சேர்ந்து வந்து வெள்ளூரில் சோழனோடு மோதின. கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயிலில், மதிரைகொண்ட பரகேசரி எனப்பட்ட பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919 அளவில் வெட்டிய கல்வெட்டு இந்தப் போரைச் சொல்கிறது. பெருமானடிகளுக்காகப் பழுவேட்டரையர் கண்டன் அமுதனார் பொருது வென்றார். அந்த வெற்றிக்காகக் கோயிலில் ஒரு நந்தாவிளக்கு வைக்கப்பட்டது.

வைத்தது யார் என்பதுதான் விஷயம். தலைவன் இல்லை. பரதூரைச் சேர்ந்த நக்கன் சாத்தன், அவனுடைய படையாள். ஜெயித்தவன் பெருமையைத் தானே வெட்டிக்கொள்ளவில்லை. கூடப் போய்ச் சண்டை போட்டு உயிரோடு திரும்பியவன் ஒருவன், எங்கள் அமுதனார் ஜெயித்தார் என்று விளக்கேற்றியிருக்கிறான். அந்தக் காலத்தில் இப்படி அணையா விளக்கு வைக்கிறவர்கள் நெய்க்காகப் பெரும்பாலும் ஆடுகளை விட்டுவிட்டுப் போவார்கள். சாவா மூவாப் பேராடு என்று அவற்றுக்குப் பெயர். கிழடு தட்டினால், செத்தால் வேறு ஆடு சேர்த்து எண்ணிக்கை குறையாமல் வைத்திருக்க வேண்டும், ஆகவே சாகாத மூப்படையாத ஆடு. ஒரு கணக்குப்பிள்ளையின் நிபந்தனைக்கு இத்தனை அழகான சொல் அமைந்ததில் எனக்குத் தீராத பொறாமை உண்டு.

எதிர்ப்பக்கத்துக் கதை இலங்கையின் சூளவம்சத்தில் இருக்கிறது. படையோடு வந்த தளபதி சக்கசேனாபதி தமிழகத்திலேயே கொள்ளைநோயில் செத்துப்போனான், காசியபன் மிச்சப் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டான். ராஜசிம்மன் பிறகு இலங்கைக்கே ஓடி, முடியையும் ஆபரணங்களையும் அங்கே விட்டுவிட்டுத் தாய்வீடான சேரநாட்டுக்குப் போனான். ஒரே போர், ஒரு பக்கம் விளக்கு, இன்னொரு பக்கம் நோயும் நாடு இழப்பும்.

சேரநாடு என்றதும் அன்பிலுக்குத் திரும்ப வேண்டும். சுந்தர சோழன் தன் அமைச்சர் அநிருத்த பிரமராயருக்குக் கொடுத்த செப்பேடு அன்பிலில் கிடைத்தது. அதில் சோழர் வரலாறு சொல்லும் வடமொழிச் செய்யுள்களில், பராந்தகன் பழுவேட்டரையர் என்று பெயருடைய கேரள அரசனின் மகளை மணந்தான், அவர்களுக்குப் பிறந்தவன் அரிஞ்சயன் என்று வருகிறது. பழுவூர்க்காரர் எப்படிக் கேரள அரசர்? வரலாற்றாசிரியர்கள் இதில் நிறைய மை செலவழித்திருக்கிறார்கள். சேரர் கிளை ஒன்று மலை தாண்டி வந்து பழுவூரில் நிலைத்தது என்பது பலர் எடுத்துக்கொண்ட விடை. அதற்குத் தேவாரமும் ஒரு கை கொடுக்கிறது. இந்தச் செப்பேட்டுக்கு முந்நூறு ஆண்டு முன்பே, பழுவூரைப் பாடிய சம்பந்தர் அங்கே வழிபடும் மலையாள அந்தணர்களைக் குறிப்பிடுகிறார். கண்டன் என்ற பெயரும் மலைக்கு அந்தப் பக்கம் புழங்கியதுதான். ஏழிமலை மூஷிக மன்னன் ஒருவனின் பெயர் கண்டன் காரிவர்மன். இதெல்லாம் சேர்ந்து ஒரு திசையைக் காட்டுகின்றன என்பேன். வழி முழுவதையும் காட்டவில்லை.

செய்யுளில் அந்தப் பெண் இன்னார் மகள், இன்னார் மனைவி, இன்னார் தாய். வீட்டு ஆண்களுக்குப் பட்டத்துக்குப் பின்னால் பெயர் கிடைத்தது, இவளுக்கு உறவுதான் கிடைத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் சின்ன உறவில்லை. அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன், அவன் மகன் ராஜராஜன். பழுவூர்ப் பெண் ராஜராஜனுக்குக் கொள்ளுப்பாட்டி. நாவலில் சோழ வீட்டுப் பிள்ளைகள் பழுவேட்டரையர்களைக் கண்டால் பல்லைக் கடிக்கிறார்கள். உண்மையில் அது அவர்கள் கொள்ளுப்பாட்டியின் பிறந்தகம்.

பெயர் சொல்லி வரும் பழுவூர்ப் பெண் ஒருத்தி உண்டு: ராஜராஜனின் தேவி நக்கன் பஞ்சவன்மாதேவி. மேலப்பழுவூரில் பகைவிடை ஈசுவரம் என்ற கோயிலின் கல்வெட்டு அவளை அவனிகந்தர்ப்பபுரத்துத் தேவனார் மகள் என்கிறது. அவள் இறந்த பிறகு ராஜேந்திரன் பட்டீச்சரத்தில் அவள் பெயரால் பள்ளிப்படைக் கோயில் எடுத்தான். பெற்ற தாய் அல்லாத ஒருத்திக்கு மகன் எடுத்த கோயில். ஆனால் தேவனார் என்றால் யார்? பழுவேட்டரையரைத்தான் மரியாதையாகத் தேவனார் என்கிறது என்று சிலர் அவளை இந்த வீட்டு மகளாக்குவார்கள். கோயில் இறைவனே தேவனார் என்று கொள்கிறவர்களும் உண்டு. அப்படியானால் அவள் கோயிலுக்குத் தன்னைக் கொடுத்த பெண்களில் ஒருத்தி. தஞ்சைப் பெரிய கோயிலின் தளிச்சேரிப் பெண்கள் வரிசை வரிசையாக நக்கன் என்ற முன்பெயரோடு வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டாவது விளக்கம் எளிதில் பிடிபடும். நக்கன், ஆடையற்ற சிவனின் பெயர். தகப்பன் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் சிவன் நிற்கிறான். கண்டன் மறவனில் தலைப்பெழுத்து எப்படி வேலை செய்கிறதோ, அப்படியே இங்கும். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. குறுநிலத் தலைவன் வீட்டு மகளாக இருப்பதை விட, அதில்தான் அவள் ஏறிய உயரம் தெரிகிறது.

அவனிகந்தர்ப்பன் என்பதும் இந்த வீட்டின் விருதுதான். பூமியின் மன்மதன் என்று பொருள். சில நூல்களில் இது அவனிகந்தர்வன் என்று அச்சாகியிருக்கும். ஓர் எழுத்து மாற, மன்மதன் வீணை வாசிக்கும் கந்தர்வன் ஆகிவிடுகிறான். கீழையூர் இரட்டைக்கோயிலுக்குக் கல்வெட்டு வைக்கும் பெயர் இந்த விருதிலிருந்து வந்தது: அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம். ஒரே வளாகத்தில் அகத்தீசுவரம், சோளீசுவரம் என்று இரண்டு விமானங்கள். தூணின் அடியில் உட்கார்ந்திருக்கும் சிங்கங்களைப் பார்த்தால் பல்லவர் காலம் இன்னும் முழுசாக விடைபெறவில்லை என்று தெரியும். திருச்சி கண் மருத்துவர் இரா. கலைக்கோவனும் அவருடைய வரலாற்றாய்வு மையத்தினரும் இந்த ஊர்க் கோயில்களில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கல்லைப் படித்திராவிட்டால், இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேச நமக்கு நாவல் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

ராஜேந்திரன் ஆட்சியின் முற்பகுதியோடு பழுவேட்டரையர் என்ற சொல் கல்லிலிருந்து நின்றுவிடுகிறது. தோற்றார்கள், துரத்தப்பட்டார்கள் என்று எங்கும் இல்லை. பழைய குறுநில வீடுகளின் இடத்தில் மன்னன் நியமித்த அதிகாரிகள் உட்கார்ந்துகொண்டிருந்த காலம் அது. மூவேந்தவேளான்களும் பிரமராயர்களும் பெருகினார்கள். ஊர்ப் பெயரோடு ஒட்டிப் பிறந்த பட்டத்துக்கு வேலை போயிற்று. 1950இல் கல்கி தன் பத்திரிகையில் தொடங்கிய தொடரில் அந்தச் சொல்லுக்கு மறுபடி உயிர் வந்தது. இன்று அதைச் சொன்னால் நம்மில் பாதிப் பேருக்குத் திரைப்படத்தில் மீசையோடு வந்த சரத்குமார் தெரிகிறார்.

இதையெல்லாம் சேர்த்துக்கொண்டு அத்தையிடம் போனேன். கதை நடப்பது சுந்தர சோழர் படுக்கையில் கிடந்த காலம். அப்போது கல்வெட்டில் இருக்கிற பழுவேட்டரையர் மறவன் கண்டன். ஆகவே பெரியவருக்குப் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்றால் கண்டன் என்றுதான் வைக்க வேண்டும் என்றேன்.

"சின்னவரும் கண்டர், பெரியவரும் கண்டரா?"

ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே பெயர் எப்படி என்று கேட்கப் போகிறார் என நினைத்தேன். அத்தை கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"இதிலென்ன இருக்கு? நம்ம வீட்லயும் மூத்த மாமா பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் ஒரே பேர்தானே, உங்க தாத்தா பேர். மாமனார் பேரை நான் எப்படிச் சொல்லிக் கூப்பிடுறது? பெரியவனே, சின்னவனேன்னுதான் கூப்பிடுவேன். அவங்களுக்குக் கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் கழிச்சும் அப்படித்தான்."

தாத்தா பெயர் என்ன என்று வேண்டுமென்றே கேட்டேன். அத்தை சிரித்துக்கொண்டே நாலாம் பாகத்தை விட்ட இடத்தில் திறந்துகொண்டார்.